இடது பக்கம் இழுக்கும்

படுக்க வையுங்கள், மேடம். நிற்க வைக்காதீர்கள். நிற்கிற சிலிண்டர் எப்போது யார் காலில் விழும் என்று சொல்ல முடியாது. அப்படித்தான். உருளாமல் இரண்டு பக்கமும் அந்த மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். நீங்கள் இந்த முக்காலியில் உட்காருங்கள், என் வலது பக்கம். அந்தப் பக்கம் வேண்டாம். மேலே மின்விசிறி ஓடுகிற சத்தத்தில் அங்கிருந்து பேசினால் எனக்குக் கேட்காது.

இவற்றை எங்கே வாங்கினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. இந்த மஞ்சள் பெயிண்ட் என் கையால் அடித்தது. கழுத்தில் இருக்கிற வால்வுகள், ஒன்று இடக்கைக்கு, ஒன்று வலக்கைக்கு, நான் மஸ்கட்டிலிருந்து பெட்டியில் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்தவை. ரெஜினால்டிடம் வாங்கியிருக்கிறீர்கள். ரெஜினால்டு மச்சாது, என் தங்கை புளோராவின் புருஷன். "லாம்பர்ட்டிடம் மட்டும் கொண்டு போகாதீங்க" என்று சொன்னானா? உண்மையைச் சொல்லுங்கள். சொன்னான் அல்லவா? பார்த்தீர்களா. சொல்லாமல் இருப்பானா? குற்றமுள்ள நெஞ்சு.

வால்வு கசிகிறது, தூத்துக்குடியில் இந்த வால்வைத் தொட வேறு ஆள் இல்லை, அதனால் அவன் பேச்சை மீறி வந்துவிட்டீர்கள். நல்லது. உங்களுக்கு முதுகுத் தட்டு விலகியிருக்கிறது, முதுகில் சிலிண்டர் சுமக்கக் கூடாது, அதனால் பக்கத்துக்கு ஒன்றாக அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொண்டு போகிறீர்கள். சரியான முடிவு. நீங்கள் சிலிண்டர் இல்லாமல் தண்ணீரில் குதிப்பீர்கள், படகில் இருப்பவன் ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுப்பான், நீங்கள் கொக்கியில் மாட்டிக்கொள்வீர்கள். முதுகுக்கு அவ்வளவு சுகம். ஆனால் அதில் ஒரு கெடுதல் இருக்கிறது. தண்ணீருக்குள் வைத்து வாங்கினால் கைக்கு எடை தெரியாது. அதனால் கரையில் வைத்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இரண்டையும் உங்கள் கையாலேயே தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.

ரெஜினால்டு தூக்க மாட்டான். நான் சொல்லப்போகிற கதையே அவ்வளவுதான். அவன் தூக்க மாட்டான்.

அவசரமில்லையே உங்களுக்கு?

ஆறு வருஷத்துக்கு முன்னால், நான் ஊர் திரும்பி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பதினேழு வருஷம் மஸ்கட்டில் ஆட்களுக்கு முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். ஜெர்மன்காரன், ரஷ்யாக்காரன், எல்லோரும் என்னிடம் கற்றவர்கள். ஒரு தடவை சளியோடு இறங்கி இடது காதுக்குள் 'டப்' என்றது. ஒரு வாரம் தலை சுற்றியது, கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், சரியாகிவிட்டது. அது ஒன்றுதான் எனக்கு வந்த நோய். இதை எதற்குச் சொல்கிறேன்? ஆமாம், அப்படிப்பட்ட ஆள் நான் என்பதற்காக.

மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணி ஒன்று மூழ்கிக் கிடந்தது. கரையிலிருந்து ஆறு கடல் மைல், பதினெட்டு மீட்டர் ஆழம். சரக்குக் கிடங்குக்குள் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாய் குறுகலானது, முதுகில் சிலிண்டரோடு நுழைய முடியாது. "மச்சான், நீங்க கத்துக்கிட்டு வந்த வித்தைய காட்டுங்க" என்று ரெஜினால்டு கூப்பிட்டான். சிலிண்டர்களை அவன்தான் கொண்டுவந்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர்களை அவன்தான் கொண்டுவந்தான்.

உள்ளே போய் நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, என் உடம்பு இடது பக்கமாகச் சாய்கிறது. நிமிர்கிறேன், மறுபடி சாய்கிறது. எது மேல், எது கீழ் என்று ஒரு விநாடி தெரியவில்லை. சிலிண்டர் ஒன்று கனம், ஒன்று லேசு என்றால் அப்படித்தான் ஆகும், எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் ஆகும். தோள் இடித்து, வண்டல் கிளம்பி, ஒன்றும் தெரியவில்லை. கிடங்கு வாயில் காத்திருந்த ரெஜினால்டு கையை நீட்டி என் வார்ப்பட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தான். நான் கேட்கவில்லை. நானே வந்திருப்பேன்.

மேலே வந்ததும் என்ன செய்தான் தெரியுமா? படகில் பதினோரு பேர். அத்தனை பேர் முன்னாலும், என் முகமூடியைக்கூட நான் கழற்றவில்லை, சொல்கிறான்: "மச்சான், ஒமக்குக் காது போச்சு. உள்ள ஒமக்கு நெல தெரியல. இனி நீரு எறங்கக் கூடாது, நான் விட மாட்டேன்."

பதினோரு பேர், மேடம். ஒருவன் சிரித்தான். சிலுவை என்று ஒரு படகுக்காரன், அவன்தான்.

கரைக்கு வந்ததும் நான் சிலிண்டர்கள் இரண்டையும் மீன் ஏலக் கூடத்துத் தராசில் வைத்தேன். இரண்டும் ஒரே எடை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? நான் துணி மாற்றுகிற நேரத்துக்குள் ரெஜினால்டு மாற்றி வைத்துவிட்டான் என்று அர்த்தம். வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

அதோடு விட்டானா? முக்குளிப்பு வேலை கொடுக்கிற ஒவ்வொருவரிடமும் போய், "மச்சானைத் தண்ணிக்குள்ள விடாதீங்க, செத்துருவாரு" என்று சொன்னான். கண் கலங்கிச் சொன்னானாம். அந்த நடிப்பு வேறு. அன்றிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை. துறைமுகத்துப் பக்கம் போனால், "ஏல, சாஞ்ச தோணி வருது பாரு, வழிய விடு" என்பான்கள். சாய்ந்த தோணி. பதினேழு வருஷம் சேர்த்த பெயர் போய் அந்தப் பெயர் வந்தது. நான் கடலுக்குள் போய் ஆறு வருஷமாகிறது. இந்தப் பட்டறையில் உட்கார்ந்து மற்றவர்களின் வால்வைக் கழற்றி மாட்டுகிறேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். நான் அந்தக் கிடங்குக்குள் பட்டதை அவன் பட வேண்டும். பட்டுவிட்டு, அவன் வாயால் 'என் காது போச்சு' என்று சொல்ல வேண்டும். அதற்காக நாலு வருஷம் காத்திருந்தேன்.

வந்தான். தானாக வந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே முக்காலியில் வந்து உட்கார்ந்தான். தோள்பட்டையில் வலி, முதுகில் சுமக்க முடியவில்லையாம்.

"மச்சான், பக்கத்துல கட்டுற மாதிரி ஒரு ஜோடி அமைச்சுத் தாரும். இந்த ஊர்ல ஒம்ம மாதிரி வேற ஆருக்கு இது தெரியும்?"

"காது போனவன் கட்டிக் கொடுத்தா ஒமக்குப் பயமா இல்லையா, மாப்ள?"

"கைக்கு என்ன, கை நல்லாத்தான இருக்கு" என்றான். சிரித்தான். வேலை கொடுத்து என் வாயை அடைக்கப் பார்த்தான். புளோரா சொல்லி அனுப்பியிருப்பாள்.

மேடம், சிலிண்டர் தேர்ந்தெடுப்பதைப் பற்றி இப்போது சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படும். இரும்பா, அலுமினியமா? இரும்பு எப்போதும் கனமாகவே இருக்கும், காற்றுத் தீர்ந்தாலும் கீழே இழுக்கும். நம் கடல் சூடு. மெல்லிய உடைதான் போடுகிறோம், அது நம்மைத் தூக்கிப் பிடிக்காது. அதனால் நமக்கு இரும்பு அதிகம். அலுமினியம்தான் தோது. ஆனால் அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. காற்றுப் பாதிக்குக் கீழே இறங்கியதும் அதன் வால் மிதக்கத் தொடங்கும். அப்போது பின் கொக்கியை இடுப்பு வளையத்துக்கு முன்னால் நகர்த்திக் கொள்ள வேண்டும். அடியில் இருக்கிற ரப்பர் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், அது தேவையில்லாத பாரம். கழுத்தை ரப்பர் கயிறு பிடிக்கும், வாலைப் பட்டியும் கொக்கியும் பிடிக்கும். உடம்போடு உடம்பாக, மீனின் பக்கத் துடுப்பு மாதிரி ஒட்டிக் கிடக்க வேண்டும். இது எல்லாம் ரெஜினால்டுக்கும் தெரியும்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று. அலுமினியத்திலேயே இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று சாதாரணம். இன்னொன்று சுவர் தடித்தது, காலியானாலும் மிதக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்; தடித்தது கால் அங்குலம் குட்டை, அவ்வளவுதான். எடையில் ஒன்றே முக்கால் கிலோ வித்தியாசம். தண்ணீருக்குள் கிட்டத்தட்ட இரண்டு கிலோ.

என்னிடம் இரண்டிலும் ஒவ்வொன்று இருந்தது. ஒரே மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். கழுத்தில் அச்சடித்த எழுத்தை நான் மறைக்கவில்லை. பெயிண்ட் கொஞ்சம் தடிமனாக விழுந்து அதுவாக நிரம்பிக்கொண்டது. தடித்ததை இடது பக்கத்துக்கு வைத்தேன். அந்தக் கிடங்குக்குள் நான் எந்தப் பக்கம் சாய்ந்தேனோ, அந்தப் பக்கம்.

அப்படிப் பார்க்காதீர்கள். ஆளைக் கொல்லுகிற காரியம் இல்லை. சாயும், அவ்வளவுதான். வால்வு, குழாய், கொக்கி, எல்லாவற்றையும் என் சொந்த உயிருக்குச் செய்வதுபோலச் செய்து கொடுத்தேன். அந்த இரண்டு வால்வுகளையும் அவனுக்குக் கொடுத்தேனே, அதை யார் கொடுப்பார்கள்? கையைக் கொண்டுபோனதும் காற்றைத் திறந்து மூடுகிற குமிழ் கிடைக்கும், தேட வேண்டாம். வேலையில் நான் குறை வைக்கவில்லை.

அவன் மட்டும் ஒரு தடவை கையில் தூக்கியிருந்தால் முடிந்தது கதை. ஆனால் அவன் முதலாளி ஆகிவிட்டான் அல்லவா? வண்டியிலிருந்து படகுக்குச் சிலுவை தூக்குவான், படகிலிருந்து தண்ணீருக்குச் சிலுவை இறக்குவான். முதலாளி கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தூக்குகிற சிலுவைக்குத் தெரிந்திருக்குமே என்றுதான் எனக்குப் பயம். அவன் சொன்னான்கூட. "அண்ணாச்சி, இது கொஞ்சம் கனக்கே." "காத்து நெறைய இருக்கு, அதான் கனக்கு, தூக்குடா" என்றேன். தூக்கினான். அன்றைக்குச் சிரித்த ஆள்தானே, தூக்கட்டும்.

நானும் படகில் போனேன். கட்டிக் கொடுத்தவன் முதல் நாள் கூடப்போவது வழக்கம்.

பதினைந்தாவது நிமிஷம் மேலே வந்தான். முகம் வெளிறியிருந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"மச்சான், எடது பக்கம் இழுக்கு."

"சிலிண்டர் சரியா இருக்கு, மாப்ள. நான் கட்டினது."

"நெலையே நிக்க மாட்டேங்கு. சாஞ்சு சாஞ்சு போறேன்."

படகில் ஏழு பேர் இருந்தார்கள். பதினோரு பேர் இல்லையே என்று ஒரு வருத்தம் எனக்கு. ஆனாலும் நன்றாகக் கேட்கும்படி சொன்னேன்: "ஒம்ம காதக் காட்டும், மாப்ள. வயசாகுதுல்லா?"

மேடம், அந்த நிமிஷத்துக்கு ஈடாக எனக்கு வாழ்க்கையில் ஒன்றும் நடந்ததில்லை. என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மறுநாள் மறுபடி இறங்கினான், மறுபடி சாய்ந்தான். அதற்குப் பிறகு அவன் இந்தக் கடலில் இறங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவான். முடிந்து வெளியே வரும்போது கோயில் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே நடப்பான், வாசலிலிருந்து, மாதா சிலை வைத்த குகை இருக்கிறதே, அந்தக் கெபி வரை. முதல் தடவை பார்த்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. நான் பின்னாலேயே மெதுவாகப் போனேன், பார்த்துக்கொண்டே போனேன். கெபியிடம் நின்று, "மச்சான், அன்னைக்கு ஒம்மள அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பட்டவனுக்குத்தான் தெரியுது. எனக்கும் காது போச்சு" என்றான். அவன் வாயால். மாதாவுக்கு முன்னால். புளோரா வீட்டுக்கு வந்து, "அண்ணே, அவருக்கு நடக்கயில தடுமாறுது" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு, பாறை மீன் குழம்போடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் எத்தனையோ வருஷம் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டு வருஷமாக நன்றாகத் தூங்குகிறேன்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், இப்போது இதை மாட்டிக்கொண்டு நீங்கள் இறங்கப்போகிறீர்கள். உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இவை இரண்டும் சரியான ஜோடி இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அது பாவம். வலது சிலிண்டரைக் கொடுங்கள், பட்டியைக் கழற்றுவோம். வாலில் ஒரு எடை சேர்த்தால் சரியாகிவிடும்.

இது என்ன, பட்டிக்கு அடியில்? பழைய ரப்பர் உடுப்புத் துணியை வெட்டி உறை தைத்து... ஈயம். வலைக்குப் போடுகிற குண்டை உருக்கித் தட்டையாக வார்த்திருக்கிறது. இருங்கள், அந்தத் தராசை இந்தப் பக்கம் தள்ளுங்கள். இரண்டு கிலோ. துல்லியமாக இரண்டு கிலோ.

நீங்கள் வைத்ததா? வாங்கும்போதே இருந்ததா? 'இதக் கழட்டாதீங்க, வலது பக்கம் லேசு' என்று சொல்லித்தான் கொடுத்தானா?

இந்தத் தையல் புளோராவுடையது. சின்னப் பிள்ளையிலிருந்தே அவள் மூலையில் இப்படித்தான் இரட்டை முடிச்சுப் போடுவாள்.

எப்போது கண்டுபிடித்தானாம்? சத்தமாகச் சொல்லுங்கள், இந்த விசிறி வேறு. இரண்டாவது தடவை இறங்கிய அன்றைக்கேவா? மீன் ஏலக் கூடத்துத் தராசில் வைத்தானா? அந்தத் தராசா? சரி, அந்தத் தராசைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தானா? போன பிப்ரவரியிலா? பாம்பனில் வைத்தா? இந்த ஜோடியோடு நாற்பது தடவை இறங்கியிருக்கிறானா, நீங்கள் பார்க்கவே? நேராகவா போவான்? மீன் மாதிரியா.

அப்புறம் எதற்கு அந்தச் சுவர்?

மறுபடி சொல்லுங்கள். அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், நீங்கள் நாகரிகம் பார்க்க வேண்டாம். "ரெண்டு வருஷமாத்தான் மச்சான் நிம்மதியாத் தூங்குறாரு. அது கெட வேண்டாம். அவர்கிட்ட கொண்டு போகாதீங்க." ஓகோ.

பரிதாபம். என் மேல் பரிதாபம். காது போச்சு என்று சொன்னதைக்கூட நான் மன்னித்திருப்பேன், மேடம். இதை மன்னிக்க மாட்டேன். நான் என் கையால், என் புத்தியால், நாலு வருஷம் காத்திருந்து வாங்கின ஒன்றை, அவன் எனக்குத் தானம் கொடுத்திருக்கிறான். கோயில் சுவரைத் தடவித் தடவி. புளோராவும் கூட. முந்தானையைக் கண்ணில் வைத்து அழுதாளே, அவளுமா? அவளுக்கு நாடகம் நடிக்கத் தெரியும் என்று இந்த நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரிகிறது.

இல்லை, தண்ணீர் வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். எழுந்தால் மேசையைப் பிடிக்கிறது வழக்கம், தரை ஏற்ற இறக்கம்.

ஈயத்தை நான் எடுக்க மாட்டேன். கவலைப்படாதீர்கள். நன்றாகத்தான் வார்த்திருக்கிறான், படவா. நானாக இருந்தால் இன்னும் இரண்டு விரற்கடை பின்னால் வைத்திருப்பேன், வால் இன்னும் நன்றாகப் படியும். வைத்துத் தருகிறேன். வால்வுக்குப் புது வளையம் போட வேண்டும், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது இரண்டையும் நீங்களே தூக்கிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். யார் கட்டிக் கொடுத்தாலும். நான் கட்டிக் கொடுத்தாலும்.

ஆனால் எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும் நீங்கள். ரெஜினால்டிடம் சொல்லுங்கள்: லாம்பர்ட் வால்வை மட்டும்தான் பார்த்தான், பட்டியைத் தொடவே இல்லை. ஈயத்தைப் பார்க்கவில்லை. பேச்சுவாக்கில், 'பாவம் மாப்பிள்ளை, காது போய்க் கஷ்டப்படுகிறான்' என்று ரொம்ப வருத்தப்பட்டான். அப்படியே சொல்லுங்கள்.

ஏனா? அவன் நடிக்கட்டும், மேடம். அவனாக ஆரம்பித்ததுதானே, நடிக்கட்டும். இதுவரை இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கிறது. எனக்கு நாற்பத்தெட்டு, எங்கள் அப்பா தொண்ணூறு வரை இருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பூசை விடாமல் போவேன். மழையானாலும் போவேன். அவன் வாசலிலிருந்து கெபி வரை சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். கல்யாண வீட்டில் பிடிக்க வேண்டும், சாவு வீட்டில் பிடிக்க வேண்டும். தன் மகள் கல்யாணத்தன்று கோயில் நடுவே அவளைக் கைபிடித்து அழைத்துப் போகும்போது, முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன், அங்கேயும் அவன் தடுமாற வேண்டும். ஆள் பாம்பனில் மீன் மாதிரி நேராகப் போகட்டும். தூத்துக்குடியில் சாய்ந்துதான் நடக்க வேண்டும். நான் பின்னாலேயே வருவேன், நானும் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, மெதுவாக, பார்த்துக்கொண்டே வருவேன்.

கிளம்புகிறீர்களா? சரி. கதவை இழுத்து விடுங்கள். போகிற போக்கில் அந்த மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள், சத்தம் மண்டைக்குள் ஏறுகிறது.

என்ன? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கள்.

நீங்கள் வந்ததிலிருந்தே அது ஓடவில்லையா?